போராட்டக் கொட்டிலில் ஏன் எப்போதும் அதே முகங்கள்?

கிளிநொச்சியில் இருந்து ஒரு பல்கலைக்கழகத் தம்பி கேட்டிருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான போராட்டமோ காணிப் போராட்டமோ, கொட்டிலில் இருப்பது அதே பத்துப் பதினைந்து அம்மாமார்தான். இளைஞர்களும் படித்தவர்களும் உத்தியோகத்தர்களும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்றால் நிற்க இடமில்லாமல் சனம் வருகிறது. தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுக்காக அவ்வளவு பேர் கூடினார்களே, எங்கட சனத்துக்குச் சமூகப் பொறுப்பு இல்லையா, சமூகவியல் இதற்கு என்ன சொல்கிறது? கடைசியில் ஒரு சின்னக் கேள்வியும் வைத்திருக்கிறார்: இணையத்தில் மனுவுக்குக் கையெழுத்துப் போட்டால் அது பங்களிப்பாகுமா?

பார்த்தால் ஒரு கேள்வி, உள்ளே இரண்டு இருக்கின்றன. சிலர் வருவதும் பலர் வராததும் ஏன் என்பது ஒன்று. வராதவர்கள் பிழை செய்கிறார்களா என்பது மற்றது. முதலாவதற்கு ஆய்வுகளை வைத்து ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவது நியாயம் பற்றியது. அதில் சமூகவியல் தீர்ப்பு எழுதாது. யாரிடம் எதைக் கேட்கலாம் என்று யோசிக்க உதவும், அவ்வளவுதான். நாங்கள் வழக்கமாக முதலாவதைக் கேட்காமலே இரண்டாவதற்குத் தாவிவிடுகிறோம். "சனத்துக்கு உணர்வில்லை" என்று ஒரு வரியில் முடிப்பது இலேசு. நான் சமூகவியல் படித்துவிட்டு வன்னியில் கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று கன காலம் திரிந்தவன். நான் கண்டவரை, வராத ஆக்களில் உணர்வில்லாதவர்கள் மிகக் குறைவு.

கூட்டம் என்றாலே புத்தி மழுங்கி உணர்ச்சியில் அள்ளுப்பட்டுப் போவது என்று 1895இல் பிரான்சில் குஸ்தாவ் லு பொன் எழுதினார். அந்தப் பார்வையை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கைவிட்டு அரை நூற்றாண்டாகிறது. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்து யோசித்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் மன்கர் ஓல்சன். 1965இல் அவர் கேட்டது இதுதான்: ஒரு பொது நன்மை கிடைத்தால் அதற்காகப் பாடுபட்டவருக்கும் வீட்டில் இருந்தவருக்கும் ஒரே அளவில்தான் கிடைக்கும். அப்படியென்றால், தன் கணக்கைப் பார்க்கிற ஒருவர் ஏன் பாடுபட வேண்டும்? வீதி வந்தால் எல்லோருக்கும் வீதி, காணிச் சட்டம் மாறினால் எல்லோருக்கும் மாறும். சின்னக் குழுவென்றால் யார் வரவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரியும். பெரிய கூட்டத்தில் ஒருவர் குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே, பொது நலன் ஒன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் ஆக்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட மாட்டார்கள் என்றார் ஓல்சன். இந்த ஒரு வசனத்தை ஏற்றுக்கொண்டாலே எங்கள் ஊர்ப் புலம்பலில் பாதி குறைந்துவிடும்.

ஆனால் ஓல்சன் சொன்னது முழுவதும் சரியென்றால் வன்னியில் கோடை நெற்செய்கையான சிறுபோகம் நடக்கவே கூடாது. இரணைமடுக் குளத்தின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில் அவ்வளவு வயலுக்கும் தண்ணீர் காணாது. இருக்கிற தண்ணீருக்கு ஏற்றபடி ஏக்கரைக் குறைத்துப் பங்குபோட வேண்டும். அதற்காக நடக்கிற சிறுபோகக் கூட்டத்துக்கு ஒருமுறை போய் இருந்து பாருங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆள் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று வாசிப்பார். வாசித்து முடிக்கவில்லை, பின்வரிசையில் ஒருவர் எழும்புவார்: "போன முறை எங்கட வாய்க்கால் கடைசிக்குத் தண்ணி வந்து சேரேல்லை, மேல்பக்கத்தார் இரவில திறந்தவை." மேல்பக்கத்தார் எழும்புவார்கள். பழைய கணக்கு, பழைய கோபம் எல்லாம் வெளியே வரும். யாராவது ஒருவர் கூட்டத்தைப் பகிஷ்கரிக்கிறேன் என்று வெளியே போவார். தேநீர் வரும்போது திரும்பி வந்து இருப்பார். பின்னேரத்துக்குள் முடிவு எழுதியாகிவிடும்: இத்தனை ஏக்கருக்கு இன்ன மாதிரிப் பங்கு, இந்தத் திகதிக்குள் விதைப்பு, வாய்க்கால் துப்புரவுக்கு எல்லோரும் வர வேண்டும். அந்த முடிவை மீறி மேலதிகமாக விதைக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் பெரும்பாலானோர் கட்டுப்படுவார்கள். ஏனென்றால் பக்கத்து வயல்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்பான்.

இதை ஆய்வாக நிறுவிக் காட்டியவர் எலினோர் ஒஸ்ட்ரோம். ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் என்று பல நாடுகளின் நீர்ப்பாசனக் குழுக்களைப் பார்த்து, அரசாங்கத்தின் தடியும் இல்லாமல் தனியார் சொத்தாகவும் மாறாமல் சனமே பொது வளத்தை நிர்வகிக்கலாம் என்று 1990இல் எழுதினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் எங்கள் நாட்டுக் கிழக்கின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டமும் ஒன்று. 1956இல் இனக் கலவரம் நடந்த அதே கல்லோயாவில், 1980களின் தொடக்கத்தில், படித்த இளைஞர்களைக் கமக்காரருடன் போய் இருக்கவிட்டு ஒரு திட்டம் நடந்தது. அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. ஒவ்வொரு வாய்க்காலிலும் பத்துப் பதினைந்து குடும்பத்தைக் கூட்டி, தூர்ந்துபோன வாய்க்காலை முதலில் துப்புரவாக்குவோமா என்று கேட்டார்கள். கொஞ்சக் காலத்திலேயே மேல்வாய்க்கால் சிங்களக் கமக்காரர் கீழ்வாய்க்கால் தமிழ்க் கமக்காரருக்குத் தண்ணீர் மிச்சம் பிடித்து அனுப்பிய இடங்கள் இருந்தன. மனித மனம் திடீரென்று திருந்திவிட்டது என்று இதைப் படிக்கக்கூடாது. சின்னக் குழு, கண்ணுக்குத் தெரிகிற வேலை, தெரிந்த முகம், மீறினால் கேட்க ஒரு ஆள் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது.

வற்றாப்பளைக்கும் இதே பதில்தான். அங்கே வருகிறவருக்கு மற்றவர்களும் வருவார்கள் என்று சந்தேகமே இல்லை. எந்தக் குடும்பம் எந்தத் தொண்டைச் செய்யும் என்பது தலைமுறையாக வகுத்த வழமை. யாரும் கூப்பிடத் தேவையில்லை. முக்கியமாக, போய்வந்ததற்காக யாரும் வீட்டுக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை. ஆக, கூடத் தெரியாத சனம் என்ற குற்றச்சாட்டு முதலிலேயே விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு கிராமத்திலும் மரணச் சங்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு என்றால் பந்தலும் கதிரையும் யாரும் கேட்காமல் வந்துவிடும். அதே சனம் ஏன் கொட்டிலுக்கு மட்டும் வருவதில்லை என்றுதான் கேட்க வேண்டும்.

இங்கே வன்னியின் கதையைச் சொல்லாமல் கோட்பாடு பேசுவது வீண். போருக்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வெளியே வந்த முன்னாள் போராளிகள் மட்டும் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் பலர் இன்று குடும்பக்காரர், கூலிக்கோ கடலுக்கோ போய்ச் சீவிக்கிறவர்கள். அவர்களில் ஒருவர் ஒரு பதாகையைப் பிடித்தால் அடுத்த நாள் யார் கதவைத் தட்டுவார்கள் என்பது அவருடைய மனைவிக்கு முன்கூட்டியே தெரியும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 'தற்காலிக ஏற்பாடு' என்ற பெயரோடு வந்து, 1982இல் நிரந்தரமாகி, ஒரு தலைமுறையையே உள்ளே வைத்துப் பார்த்தது. ஆசிரியரும் அரச உத்தியோகத்தரும் தாபன விதிக்கோவையை நினைப்பார்கள். விதி உண்மையில் அவரைத் தடுக்கிறதோ இல்லையோ, இடமாற்றம் என்ற பயம் தடுக்கும். ஒரே கொட்டிலில் ஒரே மணித்தியாலம் இருப்பதற்கு ஆளுக்கு ஆள் விலை வேறு. விலையைப் பார்க்காமல் வந்தாரா வரவில்லையா என்று மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. அணிதிரள்வது என்பது வன்னியில் எப்போதும் விருப்பத்தின் பேரில் நடந்த விசயமல்ல. போரின் கடைசி வருடங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகப் பிள்ளைகளைக் கொடுத்த ஊர் இது. விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள், ஒளித்து வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், ஒரே வீட்டில் இரண்டும் நடந்தது. அதற்குப் பிறகு மெனிக் பாம் அகதி முகாமில் கம்பிவேலிக்குள் வரிசையில் நின்றார்கள். அதற்கும் பிறகு நிவாரணம், வீட்டுத்திட்டம், கட்சிக் கூட்டம் என்று பஸ் அனுப்பி ஏற்றினார்கள். "வாங்கோ, எல்லாரும் சேருவம்" என்று யாராவது கூப்பிட்டால், நாற்பது தாண்டிய ஒருவருக்கு முதலில் வருகிற கேள்வி 'யாருக்காக' என்பதுதான். அதை அக்கறையின்மை என்று நான் எடுப்பதில்லை. பட்டறிவு என்றே எடுக்கிறேன்.

சரி, அப்படியிருந்தும் வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள்? இதில் ஆய்வுலகம் ஓரளவு ஒத்துப்போகிற ஒரு முடிவு உண்டு. 1964இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதிவதற்காக வடக்கில் இருந்து மாணவர்கள் தொண்டர்களாகப் போனார்கள். ஆபத்தான வேலை, தொடக்கத்திலேயே மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பித்து, தெரிவாகி, பிறகு போகாமல் விட்டவர்களும் கணிசமாக இருந்தார்கள். டக் மக்அடம் என்ற சமூகவியலாளர் பிறகு அந்த விண்ணப்பங்களை எடுத்து, போனவர்களையும் விட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கொள்கையிலும் உணர்விலும் இரண்டு பகுதியாருக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. போனவர்களுக்கு ஏற்கெனவே அமைப்புகளில் பழக்கம் இருந்தது. அதைவிட, போகிற இன்னொருவர் அவர்களுடைய நெருங்கிய சினேகிதராக இருந்தார். உணர்வு தேவைதான், ஆனால் உணர்வுள்ள இருவரில் ஒருவரை எழுப்பிக்கொண்டு போவது, கையைப் பிடித்துக் கூப்பிட ஒரு ஆள் இருப்பது. ஆபத்துக் கூடிய வேலைகளில் இந்த முடிவு திரும்பத் திரும்ப உறுதிப்பட்டிருக்கிறது.

இரணைதீவைப் பாருங்கள். 1992இல் இடம்பெயர்ந்து முழங்காவில் பக்கம் இரணைமாதாநகரில் வந்து இருந்த சனம், 2017 மே 1இல் தங்கள் தீவுக்குத் திரும்பக் கேட்டுப் போராடத் தொடங்கியது. ஒரு வருடத்துக்குக் கிட்டவாகியும் பதிலில்லை. 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் ஏறி நேரே தீவில் போய் இறங்கினார்கள், கடற்படை தடுக்கவில்லை. அன்று தனித்தனி ஆட்களாக முடிவெடுத்துப் போனவர்கள் குறைவு. ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே தொழில், கூட்டுறவுச் சங்கம், குருவானவர் என்று எல்லாக் கட்டும் ஏற்கெனவே இருந்தது. இப்படி ஏற்கெனவே இருக்கிற சங்கம் சங்கமாகவே ஆட்கள் வருவதை 1973இலேயே அன்ரனி ஓபர்ஷால் எழுதிவைத்தார். தனி ஆளாகக் கூப்பிட்டுச் சேர்ப்பதைவிட இது பல மடங்கு இலேசு. முல்லைத்தீவுக் கேப்பாப்புலவுச் சனமும் அப்படித்தான். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாமைக் கடைசியாக விட்டு வெளியேறியவர்கள் அவர்கள். சொந்த ஊருக்கு விடாமல் சீனியாமோட்டை மாதிரிக் கிராமத்தில் இறக்கப்பட்டவர்கள். அயலவர் அயலவராகவே முகாமிலும் இருந்து, மாதிரிக் கிராமத்திலும் இருந்து, பிறகு கொட்டிலிலும் இருந்தார்கள்.

ஜல்லிக்கட்டுக் கேள்விக்கு இதோடு இன்னொரு கருத்தைச் சேர்க்க வேண்டும். 1978இல் மார்க் கிரனோவெட்டர் ஒரு கணக்குச் செய்து காட்டினார். ஒரு திடலில் நூறு பேர். ஒருவர் யாரும் இல்லாவிட்டாலும் இறங்குவார். அடுத்தவர் ஒருவர் இறங்கினால் இறங்குவார். மூன்றாமவர் இரண்டு பேர் இறங்கினால். இப்படியே 99 வரை. முதலாமவர் இறங்கினால் நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது இரண்டாமவரை மட்டும் மாற்றி, அவருக்கும் இரண்டு பேர் வேண்டும் என்று வையுங்கள். முதலாமவர் தனியாக நிற்பார், மற்ற 99 பேரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு திடலிலும் சனத்தின் மனநிலை ஏறக்குறைய ஒன்றுதான், விளைவு மட்டும் மலைக்கும் மடுவுக்கும். 2017 ஜனவரியில் மெரினாவில் முதல் சில நாட்கள் பொலிஸ் அடிக்கவில்லை, மாணவர்கள் தண்ணீரும் சாப்பாடும் பங்கிட்டார்கள், குடும்பத்தோடு வரலாம் என்று ஆனது. எத்தனை பேர் இறங்கினால் தானும் இறங்கலாம் என்று ஒவ்வொருவரும் மனதில் வைத்திருந்த எண்ணிக்கை சடசடவென்று குறைந்தது. 21ஆம் திகதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கிற அவசரச் சட்டம் வந்தது, 23ஆம் திகதி தடியடியும் வந்தது. அதே 23ஆம் திகதி வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அந்த மாத முடிவில் கேப்பாப்புலவில் பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் போய் இருந்தது. ஒரே மாதம், ஒரே மொழி. ஆனால் மெரினாவுக்கு வந்த மாணவனுக்கு இருந்த பயமும் பிலக்குடியிருப்பில் இருந்த ஆணுக்கு இருந்த பயமும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒப்பிட்டு எங்கட சனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை, தம்பி.

ஏன் அம்மாமார் என்பதற்கும் பதில் இதற்குள் இருக்கிறது. பிள்ளையைத் தேடுகிற தாய்க்கு இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று மேடையில் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல, அவருக்கும் இருக்கிற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உண்டு. ஆனால் தாயை அடித்து இழுப்பது அரசாங்கத்துக்கு மானக்கேடு, இளைஞனை இழுப்பது அப்படியல்ல. அதனால் ஒரு குடும்பத்தில் யார் போவது என்று வரும்போது தாய் போகிறார், மகன் வீட்டில் நிற்கிறான். வீட்டுக்குள்ளே பேசாமல் எடுக்கப்படும் முடிவு இது. கொட்டிலில் ஒரு அம்மாவைக் காணும்போது, பின்னால் ஒரு வீடே அவரை அனுப்பியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். சமைத்து வைப்பது மருமகள், கொண்டுவந்து இறக்குவது மகனுடைய மோட்டார் சைக்கிள். நீங்கள் கேட்ட இளைஞர்கள் சிலர் அந்த மோட்டார் சைக்கிளில் வந்து, இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பிப் போகிறார்கள்.

அடுத்தது வெற்றி. பிலக்குடியிருப்புச் சனம் ஒரு மாதம் இரவு பகலாகப் பிள்ளைகுட்டியோடு வீதியோரத்தில் இருந்து, 2017 மார்ச் 1இல் காணியைப் பெற்றது. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டவர்களின் போராட்டம் வருடக்கணக்காக இழுபட்டு, பிள்ளையின் முடிவு தெரியாமலே பல பெற்றோர் இறந்துவிட்டார்கள். உறுதி குறைந்ததாலா? நிச்சயமாக இல்லை. காணி கண்ணுக்குத் தெரிகிற பொருள்; வேலியைப் பின்னால் நகர்த்தினால் சரி, யாரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் யாரோ ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். 1975இல் வில்லியம் கம்சன் அமெரிக்க வரலாற்றில் 53 எதிர்ப்பு அமைப்புகளை எடுத்துப் பார்த்தபோது, எதிராளியின் இடத்தையே பறிக்கக் கேட்டவை அநேகமாகத் தோற்றிருப்பதைக் கண்டார். எங்கள் அம்மாமார் யாருடைய கதிரையையும் கேட்கவில்லை, ஆனால் அவர்கள் கேட்கிற உண்மை வெளியே வந்தால் சில கதிரைகள் ஆடும். காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்து, 2018இல் அது வேலை தொடங்கியும் அவர்களுடைய நம்பிக்கையைப் பெறாததற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்று சொன்னேன், அதைக் கவனியுங்கள். போராட்டம் ஒன்று வென்றால் அதைப் போராட்டம்தான் வெல்லவைத்தது என்று சொல்வது சமூகவியலில் மிகக் கஷ்டமான வேலை. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அந்த வருடம் ஒக்டோபரில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் ஜெனீவாத் தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை கொடுத்தது. 2017 மே மாதம் ஐரோப்பிய ஜீ.எஸ்.பி. பிளஸ் ஏற்றுமதி வரிச் சலுகை திரும்பக் கிடைத்தது. வெளியில் நல்ல பெயர் தேவைப்பட்ட காலம். இப்படி அரசியல் கதவு சற்றுத் திறந்திருக்கும் நேரங்களில் எதிர்ப்புகள் கூடுவதும் வெல்வதும் பல நாடுகளில் பதிவானது. பிலக்குடியிருப்பில் எவ்வளவு கொட்டிலால் வந்தது, எவ்வளவு ஜெனீவாவால் வந்தது என்று பிரித்துக்காட்ட யாராலும் முடியாது. கொட்டில் இல்லாமல் வந்திராது என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டும்தான். 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது கொழும்பு காலிமுகத்திடலில் நாடே கூடியபோது வன்னி பெரும்பாலும் ஒதுங்கி நின்றதும் இதுபோல ஒரு சிக்கல். பயம் என்பார்கள் சிலர். எங்களுக்கு நடந்தபோது அவர்கள் எங்கே போனார்கள் என்ற மனக்கசப்பு என்பார்கள் வேறு சிலர். மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற சனத்துக்கு நேரமில்லை என்பதும் ஒரு பதில். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. எதற்கு எவ்வளவு நிறை என்று அளக்க எங்கள் துறையிடம் தராசு இல்லை. அந்த மே 18இல் காலிமுகத்திடலிலேயே முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

அளவிட முடியாததற்கு ஒரு எளிய காரணமும் இருக்கிறது. வன்னியில் கேள்விக்கொத்தைக் கொண்டுபோய் "நீங்கள் ஏன் போராட்டத்துக்கு வரவில்லை" என்று கேட்டால், கேட்கிறவர் யாருடைய ஆள் என்று பார்த்துத்தான் பதில் வரும். "நேரமில்லை தம்பி" என்பது பாதுகாப்பான பதில். அந்தப் பதில்களைக் கூட்டிச் சதவீதம் போட்டு எழுதுகிற கட்டுரைகளை நான் பாதிதான் நம்புவேன்.

இப்போது இரண்டாவது கேள்வி, பொறுப்பு. பொறுப்பு என்ற பெயரில் கூட்டாக எதைச் செய்தாலும் நல்லதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. நுண்கடன் குழுக்களை எடுங்கள். போருக்குப் பிறகு கணவன் இல்லாமல் குடும்பம் நடத்துகிற பெண்களை ஐந்து, ஆறு பேராகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர்கள் பிணை என்று கடன் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டு விறாந்தையில் கூட்டம். பாயை விரித்து எல்லோரும் புத்தகத்தோடு இருப்பார்கள். ஒருவர் காசு கொண்டுவரவில்லை என்றால் கடன் உத்தியோகத்தர் சத்தம் போடத் தேவையில்லை. "அந்த அக்கா கட்டும்வரை எல்லாரும் இருங்கோ" என்று சொன்னால் போதும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரும், மற்றப் பெண்கள் அந்த ஒருவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அவர் எழும்பிப்போய் வேறு யாரிடமோ வட்டிக்கு வாங்கிவந்து கட்டுவார். சிறுபோகக் கூட்டத்தில் நியாயத்தைக் காப்பாற்றிய அதே அயலவரின் கண், இங்கே கடன்காரனுக்குச் சம்பளமில்லாத சேவகம் செய்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்து, வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் போட்டது. 35 என்பதே சலுகை என்றால் அதற்கு முதல் என்ன நடந்தது என்று யோசியுங்கள். கூட்டுப் பொறுப்பைக் கேட்பவர் யார், அதன் பலன் யாருக்குப் போகிறது என்று பார்க்காமல் அதைப் புகழக் கூடாது.

யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதில் எனக்குப் பயன்பட்டவர் அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் ஐரிஸ் மரியன் யங். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்று பிரித்தார் அவர். ஒரு அநீதியை நேரடியாகச் செய்தவர் குற்றவாளி. அந்த அநீதி ஓடிக்கொண்டிருக்கிற ஏற்பாட்டுக்குள் இருக்கிற எல்லோருக்கும் அதை மாற்றுகிற பொறுப்பில் பங்குண்டு, ஆனால் சம பங்கல்ல. ஒருவரிடம் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, அந்த ஏற்பாட்டால் அவர் எவ்வளவு நன்மை அடைகிறார், மாற்றத்தில் அவருக்கு எவ்வளவு அக்கறை, மற்றவர்களைச் சேர்க்க அவருக்கு எவ்வளவு வசதி என்று பார்க்கச் சொன்னார். இதை ஊருக்குக் கொண்டுவந்தால் படம் மாறிவிடும். கூலிக்குப் போகிற புனர்வாழ்வுக்காரரிடம் வீதிக்கு வா என்று கேட்க எனக்கு வாய் வராது. சட்டத்தரணியிடம் கேட்பேன். ரொறன்ரோவில் இருந்து 'எங்கட சனம் தூங்குது' என்று முகநூலில் எழுதுகிறவரிடம் கட்டாயம் கேட்பேன். மலையகத்தில் இருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குக் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ சரிவர இல்லை. காணிப் போராட்டத்தில் அவர்களுடைய பெயர் எத்தனை மகஜரில் வந்தது? அவர்கள் வரவில்லை என்று குறைப்படுகிற சங்கங்களிடம் முதலில் இதைக் கேட்பேன். எல்லோரும் இந்தக் கணக்கை ஏற்கமாட்டார்கள். ஆபத்தின்போது நிற்பதுதான் பொறுப்பு, மற்றதெல்லாம் சாட்டு என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே நின்றவர்கள், அதனால் நான் அவர்களோடு அதிகம் வாதாடுவதில்லை.

நீங்கள் ஏதாவது செய்ய நினைத்தால், பொதுவாக "எல்லோரும் வாருங்கள்" என்று பதிவு போடுவதில் பெரிய பலன் இராது. மரணச் சங்கத்துச் செயலாளர், விளையாட்டுக் கழகத் தலைவர், கடற்றொழிலாளர் சங்கம் என்று ஏற்கெனவே கட்டு உள்ள இடத்துக்குப் போங்கள். பெயர் சொல்லி, சின்ன விசயமாகக் கேளுங்கள்: செவ்வாய் பின்னேரம் இரண்டு மணித்தியாலம், அல்லது ஒருநாள் மத்தியானச் சாப்பாடு, அல்லது சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதித் தருவது. முகம் காட்ட முடியாதவருக்கு முகம் காட்டாத வேலை கொடுங்கள். கட்சிக்காரர் வந்தால் வரட்டும், ஒலிபெருக்கியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வெளிக்காசு வந்தால் பந்தல் பெரிதாகும், நோக்கம் காசு தருகிறவர் பக்கம் சாயவும் கூடும். அப்படிச் சாய்ந்தே தீரும் என்று சிலர் எழுதுகிறார்கள், வேறு சிலர் கணக்கு வெளிப்படையாக இருந்தால் சமாளிக்கலாம் என்கிறார்கள். நான் இரண்டையும் கண்டிருக்கிறேன்.

இணையக் கையெழுத்துக்கு வருகிறேன். அதன் விலை மிகக் குறைவு என்பதால் அதை எண்ணிப் பார்க்கிற அமைச்சரும் குறைவாகத்தான் மதிப்பார். கனடிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ஊரறிய அடையாள ஆதரவு காட்டியவர்கள் பிறகு உண்மையான உதவி கேட்கும்போது பின்வாங்கினார்கள். அதையே யாருக்கும் தெரியாமல் தனியாகச் செய்தவர்கள் கூடுதலாக உதவினார்கள். பரிசோதனைக்கூடத்தில் கண்டது கிளிநொச்சிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் எழுதித்தரமாட்டேன். ஆனாலும் கையெழுத்தைப் போட்டுவிட்டு அதைப் படம் எடுத்துப் பகிராமல், கோயிலடிக்கு ஒருநாள் போய், எந்த நேரத்தில் ஆள் குறைவு என்று அந்த அம்மாமாரிடமே கேளுங்கள். பெரும்பாலும் வெயில் ஏறுகிற மத்தியானம் என்றுதான் சொல்வார்கள்.